எதிர்ப்பக்கத்து நாற்காலி: பிராங்க்ளினுக்கு முன்னும் பின்னும்

வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிங்பாங் மேஜை. அதன்மேல் டோஸ்ட், பாப்கார்ன், ஜெல்லி மிட்டாய். மேஜையின் ஒரு பக்கத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு பையன், தோட்டத்தில் போடுகிற மடக்கு நாற்காலியில். அவன் பெயர் பிராங்க்ளின். அந்தக் கூட்டத்தில் கறுப்புப் பையன் அவன் ஒருவன்தான்.

1973 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த 'பீனட்ஸ்' என்ற நாளிதழ்ச் சித்திரத் தொடரின் பாத்திரங்களைக் கொண்ட நன்றி நவிலல் நாள் படத்தில் வரும் காட்சி இது. வேண்டுமென்றே அப்படி வரைந்தார்களா, கவனிக்காமல் நடந்ததா என்று பிற்காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பையன் அந்த மேஜைக்கு எப்படி வந்து சேர்ந்தான்? அவனுக்கு முன்னால் இடம் கேட்டவர்கள் யார்? ஐம்பது ஆண்டு கழித்து அவனை எழுப்பி இந்தப் பக்கம் உட்கார வைத்தது யார்? இதற்கான விடைகளில் பாதிக்கு மேல் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்களும் கார்ட்டூனிஸ்ட்களும் காலம் காலமாகக் கொடுத்த பேட்டிகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பிராங்க்ளின் கதை நாம் வழக்கமாகக் கேட்கிற மாதிரி இல்லை.

வழக்கமான கதை இதுதான்: நல்ல மனம் படைத்த ஒரு வெள்ளை ஆசிரியை கடிதம் எழுதினார், நல்ல மனம் படைத்த ஒரு வெள்ளை ஓவியர் ஒரு கறுப்புப் பையனை வரைந்தார். இரண்டும் உண்மை. இரண்டு பேரும் மரியாதைக்குரியவர்கள். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை.

சோபாவில் உட்காருவது

முதலில் கார்ட்டூனை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேடைக்குப் போகலாம். 1961 ஜனவரியில் சிகாகோ பிளேபாய் கிளப்பில் டிக் கிரகரி என்ற இளம் கறுப்பின நகைச்சுவைக் கலைஞருக்கு ஓர் இரவு வாய்ப்புக் கிடைத்தது. அன்று அரங்கில் இருந்தவர்கள் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த உறைபதன உணவு நிறுவனங்களின் அதிகாரிகள், வெள்ளையர்கள். நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாமா என்று நிர்வாகமே யோசித்தது. கிரகரி மேடையேறினார், சிரிக்க வைத்தார். ஓர் இரவு என்றது வாரக்கணக்கில் நீண்டது.

அதன் பிறகு ஜாக் பாரின் இரவு நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் நாடே பார்த்த நிகழ்ச்சி அது. கிரகரி வர மாட்டேன் என்றார். காரணத்தைப் பிற்காலப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்: கறுப்பினக் கலைஞர்கள் அந்த மேடையில் பாடலாம், ஆடலாம், சிரிக்க வைக்கலாம், முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய்விட வேண்டும். வெள்ளைக் கலைஞர்களைப் போலப் பாரின் பக்கத்துச் சோபாவில் உட்கார்ந்து பேச அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கடைசியில் பாரே தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணம் கேட்டார், உட்காரலாம் என்று ஒப்புக்கொண்டார். கிரகரி போனார், உட்கார்ந்தார், பேசினார்.

அவர் சொன்ன ஒரு விவரம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. சோபாவில் உட்கார்ந்து தன் பிள்ளைகளைப் பற்றி இயல்பாகப் பேசியிருக்கிறார். நிகழ்ச்சிக்குப் பிறகு தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் என்று தங்களுக்கு இத்தனை நாள் தெரியாது என்று சிலர் சொன்னார்களாம். மேடையில் நின்று அவர் சொன்ன நகைச்சுவையால் இது நடக்கவில்லை. உட்கார்ந்து பேசிய சில நிமிடங்கள்தான் அதைச் செய்தன. பேட்டி என்பதைப் புகழ் வந்த பிறகு தானாகக் கிடைக்கும் மரியாதை என்று நினைக்கிறோம். இவர்களுக்கு அதுவும் கேட்டு வாங்க வேண்டியதாக இருந்தது.

ஓக்லந்து குமாஸ்தா

கலிஃபோர்னியாவின் ஓக்லந்து நகரில் காவல்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கறுப்பினத்தவர் மோரி டர்னர். 1923-ல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது மில்டன் கேனிஃப் என்ற பெரிய சித்திரத் தொடர் ஓவியருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பதில் வருமா என்றுகூட நினைத்திருக்க மாட்டார். கேனிஃப் பல பக்கங்களுக்குப் பதில் எழுதினார். கதையை எப்படிக் கட்டுவது, எப்படி வரைவது என்று பொறுமையாக விளக்கியிருந்தார். அந்தக் கடிதம்தான் தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று டர்னர் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக் கொடுத்ததற்கு அந்தக் கடிதத்தின் கடன்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார், அங்கேயும் படம் வரைந்தார். ஊர் திரும்பி, வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் அனுப்பினார். 1960-களின் தொடக்கத்தில் ஒரு கேள்வி அவரை அரித்தது: நாளிதழ்களின் காமிக்ஸ் பக்கத்தில் ஏன் ஒரு கறுப்புப் பிள்ளைகூட இல்லை? இதைச் சார்லஸ் ஷுல்ஸிடமே கேட்டிருக்கிறார். நீங்களே ஒன்றை உருவாக்குங்களேன் என்றார் ஷுல்ஸ்.

இது பிராங்க்ளின் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்த உரையாடல். அந்தப் பதிலில் நல்லெண்ணம் இருந்தது. ஒரு கறுப்பின ஓவியரின் திறமையில் நம்பிக்கையும் இருந்தது. ஆனால் அன்றைக்கு லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கம் ஷுல்ஸினுடையது. டர்னரிடம் அப்படி ஒரு பக்கமே இல்லை. அவர் அதைப் பூஜ்யத்திலிருந்து தேட வேண்டியிருந்தது.

டர்னர் தேடினார். முதலில் 'டிங்கி ஃபெல்லாஸ்' என்று, கறுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு தொடர். கறுப்பின மக்களின் பத்திரிகையான சிகாகோ டிஃபெண்டர் அதை வெளியிட்டது. பொதுப் பத்திரிகைகள் பக்கம் கதவு திறக்கவில்லை. அப்புறம் அவர் வேறு வழி யோசித்தார். கறுப்பு, வெள்ளை, ஆசியப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தெருவில் விளையாடுகிற தொடராக அதை மாற்றி, 'வீ பால்ஸ்' என்று பெயர் வைத்தார். அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் டிக் கிரகரியும் ஒருவர். 1965 பிப்ரவரியில் ஒரு சிண்டிகேட் வழியாக அது வெளிவரத் தொடங்கியது.

சிண்டிகேட் என்பது ஓவியரிடம் தொடரை வாங்கி நாடு முழுக்க உள்ள நாளிதழ்களுக்கு விற்கிற நிறுவனம். எத்தனை பத்திரிகை வாங்குகிறதோ, அத்தனைக்குத்தான் ஓவியருக்கு வருமானம், அத்தனை ஊருக்குத்தான் அவர் பெயர் போகும். 'வீ பால்ஸ்' தொடங்கியபோது வாங்கியவை ஐந்தே பத்திரிகைகள்.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த பாத்திரம் நிப்பர். கண்ணை மறைக்கும் அளவுக்குத் தொப்பியை இறக்கிப் போட்டிருக்கும் கறுப்புப் பொடியன். அது என்ன தொப்பி தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென்மாநிலப் படையின் தொப்பி. தன் முன்னோர்களை அடிமையாக வைத்திருக்கப் போர் செய்தவர்களின் தொப்பியை, அதன் பொருள் எதுவும் தெரியாமல் ஒரு குழந்தை விளையாட்டாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. வசனத்தில் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் படத்திலேயே இருக்கிறது. பெரிய பெரிய தலையங்கங்கள் சொல்ல முடியாததை நாலு கோட்டில் சொன்ன கை அது. பின்னாளில் காது கேளாத சிறுமியும் சக்கர நாற்காலியில் வரும் சிறுமியும் அந்தத் தெருவில் சேர்ந்துகொண்டார்கள்.

1968

ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பத்திரிகை ஆசிரியர்கள் திடீரென்று விழித்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டாக ஐந்து பத்திரிகைகளைச் சுற்றியே கிடந்த 'வீ பால்ஸ்' நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளுக்குப் பரவியது. தொடர் அதேதான், ஓவியர் அதே ஓவியர், கோடும் மாறவில்லை. மாறியது ஆசிரியர்களின் குற்ற உணர்ச்சி. டர்னர் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சந்தோஷப்பட முடியாமல் தவித்தார். தான் தலைவராக மதித்த ஒரு மனிதரின் சாவிலிருந்து தனக்கு வளர்ச்சி வந்ததை நினைத்தால் மனம் எப்படி இருக்கும் என்று பேட்டி எடுத்தவர்களிடமே கேட்டார். வெற்றியைப் பற்றிய கேள்விக்கு ஒரு கலைஞர் துக்கத்தோடு பதில் சொல்ல வேண்டிய நிலை.

இரண்டாவது, ஏப்ரல் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹாரியட் கிளிக்மன், ஷுல்ஸுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பிள்ளைகள் கூட்டத்தில் ஒரு கறுப்புப் பிள்ளையும் இருக்கக்கூடாதா என்று கேட்டார். ஷுல்ஸ் தயங்கினார். கறுப்பின நண்பர்களுக்குப் பெரிய மனது பண்ணி இடம் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்பது அவர் பயம். கிளிக்மன் அதோடு விடவில்லை. தன் கறுப்பின நண்பர்களிடம் அந்தப் பதிலைக் காட்டி எழுதச் சொன்னார். அவர்களில் ஒருவர், இரண்டு சிறு பையன்களின் தந்தை, ஷுல்ஸுக்கு நேராகவே எழுதினார்: அப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தாலும் வரப்போகிற நன்மையோடு ஒப்பிட்டால் அது சின்ன விலைதான், முதலில் கூட்டத்தில் ஒருவனாகச் சாதாரணமாக வரட்டும், பிறகு பெரிய பாத்திரத்துக்கு அது வழி விடும். பிராங்க்ளின் கதையைச் சொல்லும்போது இந்தத் தகப்பனின் கடிதத்தை நாம் மறந்துவிடுகிறோம். பிராங்க்ளின் எப்படி வந்தான் என்று பாருங்கள், அவர் சொன்னபடியேதான் வந்தான்.

1968 ஜூலை 31. கடற்கரையில் 'பீனட்ஸ்' தொடரின் நாயகன் சார்லி பிரவுனின் பந்து தண்ணீரில் போய்விடுகிறது. ஒரு பையன் எடுத்து வந்து கொடுக்கிறான். இருவரும் மணல் கோட்டை கட்டுகிறார்கள். பையனின் அப்பா வியட்நாமில் இருக்கிறார். அறிவிப்பு, ஆரவாரம் எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மோரி டர்னர் மற்ற கார்ட்டூனிஸ்ட்களோடு அதே வியட்நாமுக்குப் போய், முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்த வீரர்களின் முகங்களை வரைந்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

இந்த எளிய காட்சிக்கே எதிர்ப்பு வந்தது. ஷுல்ஸ் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்: கறுப்புப் பாத்திரம் இருக்கட்டும், ஆனால் வகுப்பறையில் சேர்ந்து உட்காருவதாகக் காட்டாதீர்கள் என்று தெற்கத்தியப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுதினாராம். பெப்பர்மின்ட் பேட்டி என்ற வெள்ளைச் சிறுமிக்கு முன் பெஞ்சில் பிராங்க்ளின் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. ஷுல்ஸ் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. சிண்டிகேட் தலைவர் மாற்றச் சொன்னபோது, நான் வரைந்தபடி அச்சிடுங்கள், இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்றார். அந்தத் துணிவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அப்படிச் சொல்லும் வலிமை உலகப் புகழ் பெற்ற ஷுல்ஸுக்கு இருந்தது. ஐந்து பத்திரிகை வைத்திருந்த டர்னர் அதையே சொல்லியிருந்தால், சரி, விலகிக்கொள் என்றிருப்பார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒருவர்

அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சிலர் வந்தார்கள். பிரம்சிக் பிராண்டனின் 'லூதர்', டெட் ஷியரரின் 'குவின்ஸி', 1980-களின் கடைசியில் ரே பில்லிங்ஸ்லியின் 'கர்ட்டிஸ்', ராப் ஆம்ஸ்ட்ராங்கின் 'ஜம்ப் ஸ்டார்ட்'. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை கூடியது போலத் தெரியும். ஒரு தனி நாளிதழை எடுத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். பெரும்பாலான ஆசிரியர்கள் தங்கள் பக்கத்தில் கறுப்பினத் தொடருக்கென்று ஓர் இடம், மிஞ்சிப்போனால் இரண்டு, ஒதுக்கி வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு கறுப்பின ஓவியர் வந்தால் வெளியே போவது இன்னொரு கறுப்பின ஓவியர். குடும்பத் தொடருக்கும் கல்லூரித் தொடருக்கும் அரசியல் தொடருக்கும் ஒற்றுமை என்ன? பாத்திரங்களின் தோல் நிறம் மட்டும்தான். வெள்ளைப் பாத்திரங்கள் வரும் தொடர்கள் இரண்டை யாரும் இந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பார்ப்பதில்லை.

1999-ல் ஆரன் மெக்ரூடரின் 'பூன்டாக்ஸ்' தொடங்கிய கையோடு ஏறக்குறைய 160 பத்திரிகைகளில் வந்தது. கூர்மையான அரசியல் தொடர் அது. 2006-ல் அவர் நிறுத்தியபோது காலியான இடத்தை நிரப்ப ஆசிரியர்கள் தேடியதும் பெரும்பாலும் கறுப்பினத் தொடர்களுக்குள்தான். கல்லூரி வாழ்க்கையைப் பற்றி மென்மையாக எழுதிய கோரி தாமஸ் போன்றவர்கள் மெக்ரூடரின் நகல் என்ற பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் 2008 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை, தாமஸும் சக ஓவியர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் தொடரில், தத்தம் பாணியில், ஒரே கருவை வரைந்தார்கள். கறுப்புப் பாத்திரங்கள் உள்ள எந்தத் தொடரைப் பார்த்தாலும் இன்னொன்றின் நகல் என்று சொல்லும் வாசகர்தான் அன்றைய கரு. நாங்கள் எல்லோரும் ஒன்றுதான் என்று நினைக்கிறீர்களா, சரி, இன்றைக்கு ஒரு நாள் ஒன்றாகவே இருக்கிறோம், பாருங்கள் என்பது போல. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கரு ஒன்றானாலும் கோடு, முகம், பேச்சு எல்லாம் எவ்வளவு வேறாக இருக்கின்றன என்பது கண்ணில் அறைகிறது.

அன்று அவர்களிடம் பேட்டி கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். எல்லாக் கேள்வியும் இனத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கும், அதற்காகத்தான் அந்த நாள். ஆனால் மற்ற நாட்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். இவர்களின் பேட்டிகளைத் தொடர்ந்து படித்தால், மை, பேனா முனை, கட்டங்களின் ஓட்டம், நகைச்சுவை எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு, இதெல்லாம் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. ஒதுக்கீட்டு இடம் பேட்டிக்குள்ளேயும் இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

தொழிலைப் பற்றிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பார்பரா பிராண்டன்-கிராஃப்ட் சாட்சி. 'லூதர்' வரைந்த பிரம்சிக் பிராண்டனின் மகள். 1989-ல் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்ஸில் தொடங்கி, 1991-ல் நாடு தழுவிய சிண்டிகேட்டுக்குப் போனார். பொது நாளிதழ்களில் அப்படிப் போன முதல் கறுப்பினப் பெண் ஓவியர். அவர் தொடரில் தோழிகள் தொலைபேசியிலும் நேரிலும் பேசிக்கொண்டே இருப்பார்கள். தலையும் கையும் மட்டும்தான் இருக்கும், உடம்பு இருக்காது, பின்னணியும் இருக்காது. ஏன் அப்படி என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: பெண்களை உடம்பை வைத்தே எடை போடுகிறார்கள், என் பெண்களை நீங்கள் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு கோட்டை வரையாமல் விட்டதற்கு இவ்வளவு யோசனை. நல்ல கேள்வி கேட்டதால்தான் அது நமக்குத் தெரிந்தது.

கடன் வாங்கிய பெயர்

பிராங்க்ளின் முதன்முதலாகக் கடற்கரையில் தோன்றியபோது ஃபிலடெல்ஃபியாவில் ராப் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆறு வயது. ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாயின் கடைக்குட்டி. அண்ணன் ஒருவரைச் சுரங்க ரயில் விபத்தில் இழந்த வீடு. தன்னைப் போன்ற ஒரு பையனைக் காமிக்ஸ் பக்கத்தில் பார்த்தது என்ன செய்தது என்பதை அவர் எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே உணர்ச்சியோடு. வளர்ந்து, 1989-ல் 'ஜம்ப் ஸ்டார்ட்' தொடங்கினார். கணவன் போலீஸ்காரர், மனைவி நர்ஸ், ஊர் ஃபிலடெல்ஃபியா. ஒரு சாதாரணக் கறுப்பினக் குடும்பத்தின் அன்றாடம். அது நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்குப் போனது, ஷுல்ஸும் அவருக்கு நண்பரானார்.

1990-களில் ஒருநாள் ஷுல்ஸ் அவரைக் கூப்பிட்டார். தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்காகப் பிராங்க்ளினுக்குக் குடும்பப் பெயர் வேண்டும்; உங்கள் பெயரைக் கடன் தருவீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டாக வெறும் பிராங்க்ளினாக இருந்தவன் பிராங்க்ளின் ஆம்ஸ்ட்ராங் ஆனான். முப்பது ஆண்டுகளுக்கு முன் மோரி டர்னருக்கு, நீங்களே ஒன்றை உருவாக்குங்கள் என்று பதில் சொன்ன அதே மனிதர், இப்போது ஒரு கறுப்பின ஓவியரிடம் கேட்டு வாங்கினார். ஷுல்ஸும் வழியில் கற்றுக்கொண்டே வந்திருக்கிறார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

டர்னருக்கு அங்கீகாரம் மெல்லத்தான் வந்தது. 2003-ல் அமெரிக்கத் தேசியக் கார்ட்டூனிஸ்ட்கள் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அந்த விருது மில்டன் கேனிஃப் பெயரில் உள்ளது. சிறுவனாக இருந்தபோது பல பக்கம் பதில் எழுதிப் போட்டாரே, அவர்தான். 2014 ஜனவரியில், 90 வயதில் டர்னர் காலமானார்.

2024 பிப்ரவரியில் பிராங்க்ளினை மையமாக வைத்து ஒரு புதிய படம் வந்தது. ஷுல்ஸின் மகனும் பேரனும் இருந்த எழுத்துக் குழுவில் ராப் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர். ராணுவத்தில் இருக்கும் அப்பாவோடு ஊர் ஊராக மாறி, எங்கேயும் நண்பர்கள் தங்காத பையனாகப் பிராங்க்ளின் இதில் வருகிறான். ஒரு பீட்சா கடை. நீண்ட மேஜை. ஒரு பக்கம் எல்லோரும், எதிர்ப்பக்கம் பிராங்க்ளின் தனியாக. 1973-ஐப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு ஒரு நொடி நின்றிருக்கும். சார்லி பிரவுனின் நண்பன் லைனஸ் அவனைக் கூப்பிடுகிறான்: இங்கே வா, உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறோம். பிராங்க்ளின் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்காருகிறான்.